மூன்று பக்கத் தும்மலும் ஒரு வரி முந்திரியும்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. மூன்று வருடமாக அலர்ஜி. காலையில் எழுந்ததும் விடாமல் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கிலிருந்து தண்ணீர், கண்ணில் அரிப்பு. கண்ணுக்குக் கீழே கருவளையம். வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான். குளிர்காற்று பட்டால் கைகளில் தடிப்பு எழும்புகிறது. இரண்டு மாதமாக ராத்திரியில் வறட்டு இருமல் வேறு. டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் செட்டிரிசின் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். ரொம்ப முடியாத நாளில் மட்டும் ஸ்பிரே அடித்துக்கொள்கிறான். ஸ்டீராய்டு என்பதால் எனக்கும் பயம். இதையெல்லாம் நிறுத்திவிட்டு ஆயுர்வேதத்தில் நிரந்தரமாகக் குணப்படுத்த ஆசை. நாத்தனார் ஒரு சூரணம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்; அவர் பையனுக்கு மூன்றே நாளில் கேட்டதாம். கொடுக்கலாமா? மூக்கில் மருந்தெண்ணெய் விடும் நஸ்யம் செய்யலாமா? பால், தயிர், வாழைப்பழம், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், சரிதானா? கஷாயம் என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிறான். தினமும் சண்டை. அடுத்த வருடம் முக்கியமான தேர்வு இருக்கிறது. அப்புறம், போன வருடம் ஒரு விருந்தில் முந்திரி போட்ட இனிப்பைச் சாப்பிட்டு உதடு வீங்கி இரண்டு முறை வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தும்மல், சூரணம், கஷாயச் சண்டை எல்லாம் விரிவாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் தாளைத் திருப்பி எழுதிய ஒரு வரியில்தான் முந்திரி வருகிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உதடு வீங்கியது தோலின் கதை. வாந்தி வயிற்றின் கதை. ஒரு உணவைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பின் இரண்டு இடங்களில் ஒன்றாகத் தொந்தரவு கிளம்பினால், அது அனாபிலாக்சிஸ் என்ற தீவிர ஒவ்வாமையா என்றுதான் மருத்துவர்கள் முதலில் பார்ப்பார்கள். போன தடவை தானாக அடங்கியது உங்கள் நல்ல நேரம். அடுத்த தடவையும் அந்த அளவோடு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மாத இருமலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த இருமல் ஆஸ்துமாவாக இருந்து, அது கட்டுக்குள் இல்லாமலும் இருந்தால், உணவு ஒவ்வாமை வரும் நாளில் ஆபத்து பல மடங்கு கூடும். நீங்கள் தனித்தனியாக எழுதிய இந்த இரண்டையும் நான் ஒன்றாகத்தான் படித்தேன்.

நான் ஆயுர்வேத மருத்துவர். என் மருத்துவத்தின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, அதில்தான் என் வாழ்க்கை. இருந்தும் சொல்கிறேன்: இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் மருந்து இல்லை, எந்த ஆயுர்வேத மருத்துவரிடமும் இல்லை. தொண்டை அடைத்து மூச்சு திணறும்போது வேலை செய்வது அட்ரினலின் ஊசி மட்டுமே. தொடையின் வெளிப்பக்கத்தில் போட வேண்டும். செட்டிரிசின் அந்த வேலையைச் செய்யாது. அதனால் இந்த வாரமே ஒரு அலர்ஜி மருத்துவரிடம் நாள் வாங்குங்கள். முந்திரிக்கான பரிசோதனை செய்து, ஊசி எப்போதும் கையில் இருக்க வேண்டுமா என்று அவர் சொல்வார். தோலில் செய்யும் பரிசோதனைக்கு முன்பு அலர்ஜி மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்; அவர்கள் சொல்லும்போது மட்டும் நிறுத்துங்கள். அதுவரை முந்திரியும் வேண்டாம், பிஸ்தாவும் வேண்டாம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு மற்றதும் ஒத்துக்கொள்வதில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறதா பார்ப்போம் என்று வீட்டில் ஒரு துண்டு கொடுத்துச் சோதிப்பது கூடவே கூடாது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று எங்கள் மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது: சேராங்கொட்டை. சுத்தி, அதாவது நச்சு நீக்கும் பக்குவம், செய்யாமல் தோலில் பட்டாலே கொப்புளம் போடும் சரக்கு அது. நாள்பட்ட தோல் நோய்களுக்கும் மூட்டு நோய்களுக்கும் சேராங்கொட்டை சேர்ந்த மருந்துகளைக் கொடுப்பவர்கள் உண்டு. உங்கள் மகனுக்கு அது வேண்டாம். எந்த வைத்தியரிடம் போனாலும் உட்கார்ந்ததும் முந்திரிக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். லேகியம் கொடுத்தால் அதில் முந்திரி, பிஸ்தா போன்ற கொட்டைப் பருப்பு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

சரி, இனித் தும்மலுக்கு வருவோம்.

அலர்ஜி என்ற சொல் 1906-இல் பிறந்தது. வியன்னாவில் இருந்த வான் பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர் உருவாக்கினார். ஆயுர்வேத நூல்களில் இதற்கு நேரான ஒரே சொல் கிடையாது. அசாத்மியம் என்பார்கள்: உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது. மூக்கு ஒழுகித் தும்முவது பிரதிச்யாயம். குளிர்காற்று பட்டுத் தடிப்பு எழும்பி அரிப்பது சீதபித்தம். இரைப்போடு மூச்சு வாங்குவது தமக சுவாசம். உங்கள் மகனுக்கு முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது எட்டிப் பார்க்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். மேலே வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டது கீழே இறங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். அலர்ஜி மருத்துவரிடம் போகும் அன்றே ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். ஓடினால் இருமல் வருகிறதா, மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறதா என்று அவனிடம் கேட்டு வையுங்கள்.

நிரந்தரமாகக் குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமக சுவாசத்தைப் பற்றி ஆயுர்வேத மூலநூல் ஆசிரியர் சரகர் சொல்வதைக் கேளுங்கள்: அது யாப்யம், புதிதாகத் தோன்றியதாக இருந்தால் தீர்க்கவும் கூடும். யாப்யம் என்றால் மருந்தும் ஒழுக்கமும் இருக்கும்வரை அடங்கியிருக்கும் நோய். மூலநூலே இவ்வளவு அளந்து பேசும்போது, வேரோடு பிடுங்கிவிடுவேன் என்று உங்களிடம் யாராவது சொன்னால் அந்த இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். நான் தரக்கூடிய வாக்கு இதைவிடச் சின்னது. தும்மல் குறையும், தூக்கம் சீராகும், மாத்திரை தேவைப்படும் நாட்கள் குறையலாம். அதற்கு முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதை இன்னொரு மூலநூல் ஆசிரியரான சுசுருதர் இரண்டே சொல்லில் சொல்லியிருக்கிறார்: நிதான பரிவர்ஜனம். காரணத்தை விலக்கு. சிகிச்சையைச் சுருக்கிச் சொன்னால் இதுதான் என்கிறார் அவர். எந்தச் சூரணமும் இதற்குப் பின்னால்தான் வரும்.

காரணம் எங்கே என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. எழுந்ததும் தும்மல். ராத்திரி இருமல். வருடம் முழுவதும். அப்படியென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது படுக்கையை.

சில வருடங்களுக்கு முன் இதே வயதுப் பெண் ஒருத்தியை அவள் அப்பா அழைத்து வந்தார். கையில் ஒரு பை நிறைய மருந்துச் சீட்டுகள். அடுத்த முறை வரும்போது அவள் தலையணையைக் கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார். வெளி உறை பளிச்சென்று, பூப்போட்டு, அப்போதுதான் துவைத்தது. அதைக் கழற்றினேன். உள்ளே இருந்த துணியில் வியர்வையும் எச்சிலும் ஊறி, மஞ்சளும் பழுப்புமாக வட்டம் வட்டமாகக் கறை. ஒரு மூலையில் தையல் விட்டுப் பஞ்சு கட்டி கட்டியாக எட்டிப் பார்த்தது. லேசாகத் தட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் மாவு பறப்பதுபோல் தூசி எழுந்தது. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பெண் தும்ம ஆரம்பித்துவிட்டாள். ஏழு வயதிலிருந்து அவள் அந்தத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள் என்றார் அப்பா.

அந்தத் தூசியில் வாழும் உண்ணிகள் கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்கின்றன. அவற்றின் கழிவுதான் மூக்கைச் சீண்டுகிறது. அதனால் தலையணையை மாற்றுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் தூசி உண்ணி நுழையாத நெருக்கமான நெசவுள்ள முழு உறை போடுங்கள். விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவையுங்கள். வெறும் தண்ணீரில் துவைத்தால் கழிவு போகும், உண்ணி பிழைத்துக்கொள்ளும். அறையில் ஈரம் தங்கக் கூடாது, சுவர் பூஞ்சை பிடித்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். அவன் அறையில் ஊதுபத்தி, கொசுவர்த்தி, சாம்பிராணி எந்தப் புகையும் வேண்டாம். மூலிகைப் புகைதானே என்று நினைக்காதீர்கள். மூச்சுக்குழாய்க்கு எல்லாப் புகையும் புகைதான். தூமபானம் என்ற மருந்துப் புகைச் சிகிச்சை எங்கள் நூல்களிலும் உண்டு. அதை 18 வயதுக்குக் கீழே செய்யாதே என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் வெளிப்படையாகவே சொல்கிறது.

கூடவே ஒரு சின்ன நோட்டு வைத்து மூன்று வாரம் எழுதட்டும். எழுத வேண்டியது அவன், நீங்கள் இல்லை. எத்தனை தும்மல், எந்த அறையில், தடிப்பு எப்போது, அன்று என்ன சாப்பிட்டான், எங்கே போனான். இதைவிட நல்ல பரிசோதனை என்னிடம் கிடையாது. நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கிறார்களே, அதை நம்பி உணவை நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் கொஞ்சம் காட்டுவதும், சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாமல் போவதும் ஒன்றல்ல.

ஸ்பிரேயைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஸ்பிரேயில் மருந்தின் அளவு மிகக் குறைவு. பெரும்பகுதி மூக்கின் உட்தோலிலேயே தங்கிவிடுகிறது. மாத்திரையாக மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டோடு இதை ஒரே தராசில் வைக்காதீர்கள். மூக்கு அலர்ஜிக்கு இன்று கையில் இருக்கும் தனி மருந்துகளில் இதுதான் அதிகம் பலன் தருவது. ஆனால் முடியாத நாளில் மட்டும் அடித்தால் பலன் தெரியாது. தினமும் அடித்துச் சில நாள் கழித்துத்தான் வேலை தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலனுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். அவன் இதுவரை ஒரு முறையும் அந்த மருந்தை உண்மையில் பரீட்சித்துப் பார்க்கவில்லை. அடிக்கும் விதமும் முக்கியம். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில். முனை நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது, கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். நடுத்தண்டில் பட்டால் எரிந்து ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும். எவ்வளவு காலம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்; வளரும் பையன், நீண்ட நாள் தேவைப்பட்டால் உயரத்தையும் அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள்.

அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு. அதைச் சில நாளுக்கு மேல் போட்டால் மூக்கு அதற்குப் பழகி முன்னைவிட அதிகமாக அடைக்கும். வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். இருமலுக்கு மாண்டெலுகாஸ்ட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தால், தூக்கத்திலும் மனநிலையிலும் மாற்றம் வருகிறதா என்று கவனியுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. பதின்வயதில் எரிச்சலும் தூக்கமின்மையும் வந்தால் வயசுக்கோளாறு என்று விட்டுவிடுவோம், அதனால் சொல்கிறேன்.

நஸ்யம் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், எனக்குப் பிடித்த சிகிச்சைதான். ஏழு வயதுக்கு மேல் 80 வயதுவரை செய்யலாம் என்று நூல் அனுமதிக்கிறது. தினசரி வீட்டில் செய்வதற்குப் பிரதிமர்சம் என்று பெயர்: ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். வழக்கமாகக் கொடுப்பது அணு தைலம். அதை வாங்குமுன் இரண்டு கேள்வி. அது நல்லெண்ணெயில் ஆட்டுப்பால் சேர்த்துக் காய்ச்சிய தைலம். உங்கள் மகன் எள்ளைத் தொந்தரவில்லாமல் சாப்பிடுகிறானா? பால் ஒத்துக்கொள்கிறதா? கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் சிலருக்கு எள்ளும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் முந்திரிப் பரிசோதனையோடு எள்ளையும் சேர்த்துக் கேட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள். சளி புதிதாகப் பிடித்திருக்கும்போது, சாப்பிட்ட உடனே, தலைக்குக் குளித்த உடனே நஸ்யம் கூடாது என்பது பழைய விதி. இரவு படுக்கப் போகும்போதும் வேண்டாம் என்பது என் விதி. எண்ணெய் நாள்தோறும் சிறுகச் சிறுக மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலில் தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். இரண்டு சொட்டு என்றால் இரண்டு சொட்டுதான். தொண்டைக்கு வந்ததைத் துப்பிவிட வேண்டும். இருமல் என்னவென்று தெரியும்வரை இதையும் ஒத்திப்போடுங்கள். பஞ்சகர்மாவில் வரும் பெரிய நஸ்யம், வாந்தி எடுக்க வைக்கும் வமனம் போன்றவற்றை வீட்டில் முயல வேண்டாம்.

அதைவிட எளிதாக, இன்றைக்கே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது: உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. யோகப் பயிற்சியில் ஜலநேதி என்பார்கள். கால் லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு இரண்டு கிராம், ஒரு சின்னத் தேக்கரண்டியில் பாதிக்கும் சற்றுக் குறைவு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியதாகத்தான் இருக்க வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்ட இரண்டு பேர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். மிக மிக அபூர்வம்தான், ஆனால் ஐந்து நிமிடக் கொதியில் தவிர்க்கக்கூடியது. பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வையுங்கள். கழுவி முடித்துக் கால் மணி நேரம் கழித்து ஸ்பிரே அடித்தால், சளி இல்லாத தோலில் மருந்து நன்றாகப் படியும். ஒன்றுக்கு ஒன்று துணை, பாருங்கள்.

உணவு. பால், தயிர், வாழைப்பழம், முட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டீர்கள். நிறுத்திய பிறகு தும்மல் குறைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, குறைந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். 15 வயதில் எலும்பு வளரும் வேகத்துக்குப் பாலும் முட்டையும் சும்மா தூக்கிப் போடக்கூடியவை அல்ல. இவற்றைச் சாப்பிட்டு அவனுக்கு எப்போதாவது தடிப்போ வாந்தியோ வந்திருந்தால் தொடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி எதுவும் வந்ததே இல்லை, பொதுவான பயத்தில்தான் நிறுத்தினீர்கள் என்றால் திரும்பக் கொடுங்கள். ரொம்ப நாள் தள்ளிப்போடவும் வேண்டாம். ஆயுர்வேதம் சொல்வது இந்த அளவு முரட்டுத்தனமானது இல்லை. தயிரை இரவில் சாப்பிடாதே, சூடாக்கிச் சாப்பிடாதே என்றுதான் சரகர் சொல்கிறார். தயிரே கூடாது என்று சொல்லவில்லை. கபம் கூடுகிற உடம்புக்கு இரவு உணவு சீக்கிரமாகவும் சூடாகவும் லேசாகவும் இருக்கட்டும், பகல் தூக்கம் வேண்டாம், ஐஸ் போட்டது குறையட்டும். மிளகு, சுக்கு, மஞ்சள் சமையலில் தாராளமாக இருக்கலாம். இவ்வளவு போதும். இதிலும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நாளில் பத்தை மாற்றினால் எது உதவியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

மருந்துகள் என்று பார்த்தால், சீதபித்தத் தடிப்புக்கு ஹரித்ரா கண்டம் நாங்கள் பரம்பரையாகக் கொடுப்பது. மஞ்சள்தான் அதன் உயிர். கூடவே சர்க்கரையும் நிறைய. இருமலோடு சேர்ந்த சளிக்குச் சிதோபலாதி சூரணம்: கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2, லவங்கப்பட்டை 1. சாப்பிட இனிப்பாக இருக்கும், உங்கள் மகன் கதவைச் சாத்த மாட்டான். சீந்தில் கொடியை வைத்து 2005-இல் ஒரு ஆய்வு வந்தது: மூக்கு அலர்ஜி உள்ள 75 பேர், எட்டு வாரம். சீந்தில் சாப்பிட்டவர்களுக்குத் தும்மலும் ஒழுகலும் நன்றாகவே குறைந்தன. ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தரும், முடிவு சொல்லாது. 2021-இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் எப்படிப் போனாலும், நான் சீந்தில் கொடுக்கும்போது கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன், நாள் குறித்துத்தான் கொடுக்கிறேன். மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்ற பேச்சை எங்கள் ஆட்களே பரப்பியிருக்கிறார்கள். அது எனக்கு மனவேதனை தரும் விஷயம். வேலை செய்யும் மருந்து எதுவானாலும் வேண்டாத வேலையும் செய்யக்கூடும். அதிமதுரத்தை அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் வேறு சில மருந்துகளை உடம்பில் கூடுதலாக ஏற வைக்கும். அதனால் நேரில் பார்த்து, நாடியும் நாக்கும் செரிமானமும் கேட்டு, அவன் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் கேட்டு ஒரு மருத்துவர் கொடுப்பதுதான் மருந்து. நான் இங்கே எழுதிய பெயர்களை வைத்து நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நாத்தனாரின் சூரணத்துக்கு வருகிறேன். அதன் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். என்னென்ன சரக்கு, எந்த அளவில், யார் தயாரித்தது, எந்தத் தேதி, உரிமம் எண் என்ன என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கொடுக்க வேண்டாம். மூன்றே நாளில் கேட்டது என்ற வார்த்தைதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது. மூலிகை அப்படி வேலை செய்வது அரிது. பொடித்துக் கலந்த ஸ்டீராய்டு மாத்திரை அப்படித்தான் வேலை செய்யும். அப்படி ஒரு பொடியை எட்டு மாதம் சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்த பையனின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கன்னம் இரண்டும் உருண்டு உப்பி, வயிற்றில் செந்நீலக் கோடுகள். மூக்கு மட்டும் சுத்தமாக இருந்தது. அப்படிப்பட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அவனை மருத்துவமனைக்கு அனுப்பிப் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருந்தது. உங்கள் நாத்தனார் பையனும் அதை இன்னும் சாப்பிடுகிறான் என்றால், சண்டையாக இல்லாமல் அக்கறையாக இதை அவரிடம் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு நிறுத்தட்டும்.

இன்னொரு பயம் உலோகம். 2004-இல் அமெரிக்காவில் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70-ஐப் பரிசோதித்தார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. 2008-இல் 193 மருந்துகள், அதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. உலோகம் சேரக்கூடிய, பஸ்மம், ரசம், செந்தூரம் என்று பெயரில் வரும் மருந்து எதையும் வளரும் பிள்ளைக்கு அலர்ஜிக்காகக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. என் சக மருத்துவர்கள் சிலருக்கு இதில் வேறு கருத்து உண்டு. என் பிள்ளையாக இருந்தால் கொடுப்பேனா என்று கேட்டுக்கொண்டேன், மாட்டேன்.

கடைசியாக, மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் உங்கள் மகன்.

கடிதம் முழுக்க அவனைப் பற்றித்தான், ஆனால் அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. 15 வயதுப் பையனுக்கு வகுப்பில் மூக்கு ஒழுகுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று நமக்கு மறந்துவிடுகிறது. அவன் தும்மலை மூக்கைப் பிடித்து அடக்குகிறானா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பான். அடக்கக் கூடாத 13 வேகங்களில், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்களில், தும்மலையும் ஒன்றாகச் சரகர் வைத்திருக்கிறார். அடக்கினால் தலைவலி, கழுத்துப் பிடிப்பு, புலன்களின் சோர்வு என்று பட்டியலே போடுகிறார். காதுக்குள்ளும் அழுத்தம் ஏறும். கைக்குட்டைக்குள் தும்மிவிடு, யார் சிரித்தாலும் பரவாயில்லை என்று அவன் அப்பா சொன்னால் இன்னும் நன்றாக எடுபடும். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்க்கிறானா என்றும் பாருங்கள். அப்படித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு விழுந்த பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை அலர்ஜியின் அடையாளம். அதைப் பார்த்து ராத்திரி போன் பார்க்கிறாய் என்று திட்டியிருந்தால், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

தேர்வைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் அல்லவா? பிரிட்டனில் 1,834 மாணவர்களை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். மூக்கு அலர்ஜியின் தொந்தரவு இருந்தவர்கள் மாதிரித் தேர்வில் எடுத்ததைவிட இறுதித் தேர்வில் ஒரு படி கீழே இறங்கும் வாய்ப்பு 40 சதவீதம் அதிகம். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 70 சதவீதம். தூங்கி வழிகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன், அவன் என்ன மாத்திரை சாப்பிட்டான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. செட்டிரிசினே சிலருக்குத் தூக்கம் தரும். அவனுக்கு அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

கஷாயத்தை விட்டுவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். மூக்கைக் கழுவுவதும் ஸ்பிரேயும் அவன் பொறுப்பு, படுக்கையும் துவைப்பதும் உங்கள் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். போனில் அலாரம் வைக்க அவனுக்கே தெரியும். அடித்தாயா, கழுவினாயா என்று ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் கேட்காதீர்கள். அலர்ஜி மருத்துவரிடம் போகும்போது பேசுவதையும் அவனையே பேச விடுங்கள். நாளை விடுதியிலோ நண்பன் வீட்டிலோ தட்டில் முந்திரி வரும்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் அவன்தான், அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ஊசி கொடுத்தால், பயிற்சிக்கென்று மருந்தில்லாத ஊசிப் பேனா கிடைக்குமா என்று கேட்டு வாங்கி, அவனும் நீங்களும் அவன் நெருங்கிய நண்பன் ஒருவனும் தொடையில் அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள். பள்ளியிலும் எழுதிக் கொடுங்கள். இதற்கிடையில் உதடு வீக்கம், குரல் கம்மல், மூச்சுத் திணறல், மயக்கம் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள், திடீரென்று எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரலாம்.

மூன்று வார நோட்டு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். முந்திரிப் பரிசோதனை முடிவு, நுரையீரல் பரிசோதனை முடிவு, அவன் கைப்பட எழுதிய பக்கங்கள், இந்த மூன்றும் இருந்தால் நஸ்யமா, சூரணமா, இரண்டுமே தேவையில்லையா என்று அப்போது என்னால் உருப்படியாகச் சொல்ல முடியும்.